பல்வலியும் ஆன்டிபயாடிக் மருந்துகளும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நமக்குக் கணக்குப் புத்தகங்களோடு அங்கத்தினர்களின் குடும்ப நிலைமையும் ஓரளவு தெரியவருகிறது. கடன் தவணை தவறியதற்குக் காரணம் கேட்டால், மழை பொய்த்தது, நூல் விலை ஏறியது என்பவற்றுக்கு அடுத்தபடியாக அடிக்கடி வரும் பதில், ‘வீட்டில் உடம்புக்குச் சரியில்லை’ என்பதே. அத்தகைய உடல்நலக் குறைவுகளுள், யாரும் பெரிதாக எண்ணாத, ஆனால் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் தலைகாட்டுகின்ற ஒன்று பல்வலியாகும்.

தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும். நடவு நாளிலோ அறுவடை நாளிலோ வயலை விட்டு வர இயலாது. ஆகவே மருந்துக்கடைக்கு ஒரு பையனை அனுப்பி, ‘பல்வலிக்கு இரண்டு வேளைக்கு மாத்திரை’ என்று வாங்கிவரச் செய்வது ஊர்தோறும் வழக்கமாகிவிட்டது. கடையில் தரும் சிறு பொட்டலத்தில் பெரும்பாலும் வலியைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும், ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்த மாத்திரை அல்லது கேப்சூல் ஒன்றும் இருக்கும். விழுங்கிய சில மணி நேரத்தில் வலி தணிகிறது. ‘ஆன்டிபயாடிக் கேட்டது’ என்று நம் அங்கத்தினர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் வலியைத் தணித்தது வலி மாத்திரையே. மற்றொன்று அங்கே என்ன செய்தது, அதனால் விளையக்கூடிய தீங்கு யாது, அது எப்போது உண்மையிலேயே தேவை என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். நாம் வைத்தியர் அல்லோம். எனினும் பல் வைத்தியர்களைக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

பல்லின் மேற்புறம் எனாமல் என்னும் மிகக் கடினமான பூச்சினால் மூடப்பட்டுள்ளது. அதனடியில் சற்று மென்மையான தந்தினி என்னும் பகுதியும், நடுவில் பற்கூழும் உள்ளன. பற்கூழ் என்பது நரம்புகளும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்மையான திசு. வாயிலுள்ள கிருமிகள் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் எனாமலை அரிக்கிறது. இதுவே சொத்தை. சொத்தை எனாமலில் மட்டும் இருக்கும்வரை வலி இராது. தந்தினியை எட்டும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூசும். பற்கூழை எட்டியபின் இரவில் படுத்தால் உறங்கவிடாத வலி தோன்றும்.

இவ்வலி இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உடலில் வேறெங்கேனும் புண் வந்தால் அவ்விடம் வீங்குவதற்கு இடமிருக்கிறது. பற்கூழோ நான்கு புறமும் கல்போன்ற சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. வீங்க இடமின்றி அழுத்தம் கூடுவதால் நரம்பு நசுங்கி வலிக்கிறது. அழுத்தம் மிகுந்து இரத்த ஓட்டம் நின்றவுடன் பற்கூழ் செத்துவிடும். அப்போது வலி திடீரென நின்றுபோவதுண்டு. ‘குணமாகிவிட்டது’ என்று எண்ணி ஏமாறுவது இக்கட்டத்திலேதான். செத்த பற்கூழ் கிருமிகளுக்கு இருப்பிடமாகிவிடுகிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ வேரடியில் சீழ் கட்டிக் கன்னம் வீங்குகிறது.

மருந்து ஏன் பயன்படுவதில்லை?

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் இரத்தத்தின் வழியாகவே கிருமி இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். மடை அடைபட்ட வாய்க்காலின் கடைமடைக்கு எவ்வளவு நீர் திறந்துவிட்டாலும் சேருவதில்லை என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பற்கூழ் செத்த பல்லின் நிலையும் அதுவே. அங்கே இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே எத்தனை கேப்சூல் விழுங்கினாலும் பல்லுக்குள்ளே இருக்கும் கிருமியை மருந்து சென்றடைவதில்லை. பற்கூழ் இன்னும் சாகாமல் வீங்கி வலிக்கும் நிலையிலும், வலிக்குக் காரணம் அடைபட்ட வீக்கமே யாதலால், ஆன்டிபயாடிக் அவ்வலியைக் குறைப்பதில்லை.

இதற்குரிய சிகிச்சை கையால் செய்யப்படுவது. சொத்தை சிறிதாயின் அதைச் சுரண்டி அடைத்தல். பற்கூழ் கெட்டிருந்தால் அதை அகற்றி வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர்ச் சிகிச்சை. பல்லைக் காப்பாற்ற இயலாதாயின் பிடுங்குதல். சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்றுதல். பாவில் அறுந்த இழையைப் பிணைக்காமல் மேலும் கஞ்சி போடுவதால் பயனில்லை அல்லவா? காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்குவதும் அத்தகையதே.

2019-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பும் இதையே கூறுகிறது. பற்கூழ் வீக்கத்தால் வரும் வலிக்கும், காய்ச்சல் முதலியன இன்றிப் பல்லடியில் மட்டும் கட்டியுள்ள சீழுக்கும், பல் சிகிச்சை உடனே கிடைக்குமிடத்தில் பெரியவர்களுக்குப் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பது அதன் சாரம்.

ஈறுகளில் இரத்தம் கசிவதற்கும் பலர் இம்மருந்தை வாங்குகின்றனர். அதற்குக் காரணம் பல்லில் படிந்து இறுகிய காரையும் அழுக்குமாகும். வைத்தியர் அதைச் சுரண்டி எடுத்துப் பல்லைச் சுத்தம் செய்வதே அதற்கு வழி. பல் பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் அக்குழியில் கடும் வலி வருவதுண்டு. குழியை மூட வேண்டிய இரத்தக் கட்டி கரைந்துபோவதால் வரும் வலி அது. குழியைக் கழுவி மருந்து வைத்தால் தணியும்.

எப்போது தேவை?

இவ்வாறு கூறுவதால் ஆன்டிபயாடிக் வேண்டாத பொருள் என்று யாரும் கொள்ளலாகாது. தேவைப்படும் இடத்தில் அது உயிர் காக்கும் மருந்து. கிருமி பல்லைக் கடந்து உடலில் பரவத் தொடங்கியதற்கு அடையாளங்கள் உள்ளன. காய்ச்சல், உடல் சோர்வு, கன்னத்திலும் தாடையடியிலும் வீக்கம் பரவுதல், கழுத்தில் நெறி கட்டுதல், வாயைத் திறக்க இயலாமை என்பன அவை. இந்நிலையில் பல் சிகிச்சையோடு ஆன்டிபயாடிக்கும் வேண்டும். கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வைத்தியர் ஆராய்ந்து முடிவு செய்வார். உடனே பல் வைத்தியரை அடைய வழியில்லாதபோது, சீழ் கட்டியவர்க்கு இடைக்காலத்துக்காக இதைத் தருவதும் உண்டு. ஆனால் அது தவணைக்கு வாய்தா வாங்குவது போன்றதேயன்றிக் கடன் தீர்ந்ததாகாது.

விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமாக இருந்தாலும், நாக்கின் அடி உயர்ந்து வீங்கினாலும், வீக்கத்தால் கண் மூடிக்கொண்டாலும் ஒரு மணி நேரமும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சை அடைக்கும் இந்நோயை 1836-ஆம் ஆண்டில் லுட்விக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

நாம் சென்ற ஆண்டு பார்வையிட்ட நெசவாளர் சங்கம் ஒன்றில், நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் ஓராண்டுக்குள் நான்கு முறை கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியே தம் கடைவாய்ப் பல்லைச் சமாளித்து வந்தார். ஐந்தாம் முறை வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. எச்சிலை விழுங்க இயலாத நிலையில் அவரை நகர மருத்துவமனையில் சேர்த்தனர். கழுத்தில் கீறிச் சீழை வெளியேற்றினர். உயிர் தப்பினார். ஆயினும் தறி ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. வீட்டிலிருந்த நகை அடகுக்குப் போயிற்று. முதல் வலியிலேயே ஒரு நாள் கூலியை இழந்து பல்லைக் காட்டியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது என்று அவருடைய மனைவியார் கூறியது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இதயநோய் உள்ளவர்கள் கவனத்துக்கு

செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள், முன்னர் இதயத்தின் உட்சவ்வில் கிருமி தாக்கப்பெற்றவர்கள், பிறவியிலேயே வந்த சிலவகை இதயக் குறைகள் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பல் பிடுங்குதல் போன்ற சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் தருவது முறை. பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி இதயத்தில் தங்கிவிடாமல் காப்பதற்காக இவ்வேற்பாடு. இத்தகையோர் பல் வைத்தியரிடம் நாற்காலியில் அமருமுன்பே தம் இதயநோயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்கு இவ்வகை முன்மருந்து பொதுவாகத் தேவையில்லை.

பக்க விளைவுகள்

பல் நோய்க்குப் பெரும்பாலும் தரப்படுவன அமாக்சிசிலின், மெட்ரனிடசோல் ஆகிய இரண்டுமாகும். பயன் இல்லாத இடத்தில் மருந்தை உட்கொண்டால் பயன் கிட்டாது. பக்க விளைவு மட்டும் கிட்டும்.

பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த அமாக்சிசிலின் சிலருக்கு ஒவ்வாது. தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றும். அரிதாகச் சிலருக்கு முகமும் தொண்டையும் வீங்கி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து நேரிடும். முன்பு ஒருமுறை ஒவ்வாமை கண்டவர்கள் அம்மருந்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வைத்தியரிடமும் காட்டுதல் வேண்டும். அதேசமயம், ‘பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்லிக்கொள்வோருள் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. ஐயமுள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

மெட்ரனிடசோல் வாயில் உலோகச் சுவையையும் குமட்டலையும் உண்டாக்கும். இதை உட்கொள்ளும் நாட்களிலும் முடிந்தபின் இரண்டு மூன்று நாட்களிலும் மது அருந்தலாகாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோருக்கு இது இரத்தக் கசிவை மிகுவிக்கும். ஆகவே வேறு எந்நோய்க்கு எம்மாத்திரை உட்கொள்கிறோம் என்பதைப் பல் வைத்தியரிடம் மறைக்கக்கூடாது.

வயிற்றுப்போக்கு எல்லா ஆன்டிபயாடிக் மருந்துகளாலும் வரக்கூடியது. நம் குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. களைக்கொல்லி பயிரையும் கருக்குவதுபோல், மருந்து அவற்றையும் அழித்துவிடுகிறது. காலியான இடத்தில் தீய கிருமி பெருகினால் கடுமையான குடல் அழற்சி உண்டாகும். கிளிண்டமைசின் என்னும் மருந்தினால் இது மிகுதியாக நேர்வதால், அதன் பயனைப் பல் வைத்தியத்தில் இப்போது குறைத்து வருகின்றனர். வாயில் வெண்படலம் படிதலும் உண்டு.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் டெட்ராசைக்கிளின் கொடுத்தால் குழந்தையின் பற்கள் நிரந்தரமாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறிவிடும். பெரியவருக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குத் தருவது எக்காரணத்தாலும் கூடாது. ஆஃப்லாக்சசின் போன்ற மருந்துகள் அரிதாகத் தசைநார் அறுபடவும் காரணமாகின்றன. நாள் முழுதும் மிதி மிதிக்கும் நெசவாளர்க்குக் குதிகால் நரம்பு எத்தகைய சொத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

கிருமிகள் பழகிப்போகும் விதம்

1928-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். ஃப்ளோரி, செயின் என்னும் அறிஞர்கள் அதை மருந்தாக்கினர். மூவருக்கும் 1945-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது ஆற்றிய சொற்பொழிவிலேயே ஃப்ளெமிங் எச்சரித்தார். மக்கள் தாமாகவே மருந்தை வாங்கிப் போதாத அளவில் உட்கொண்டால், கிருமிகள் சாகாமல் அம்மருந்தைத் தாங்கும் வன்மையைப் பெற்றுவிடும் என்பது அவர் கருத்து. அது அப்படியே பலித்துவிட்டது.

‘உடம்புக்கு மருந்து பழகிவிட்டது’ என்று நாம் சொல்வதுண்டு. பழகுவது உடம்பன்று, கிருமியே. பருத்தி பயிரிடுவோர் இதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 1987-88-இல் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பைரித்திராய்டு மருந்துகளை மீண்டும் மீண்டும் தெளித்தும் காய்ப்புழு சாகவில்லை. பருத்தி அழிந்து விவசாயிகள் கடனில் மூழ்கினர். மருந்துக்குத் தப்பிய சில புழுக்களே பெருகி வயல் முழுதும் நிறைந்தன. நம் வாயிலும் குடலிலும் நடப்பது இதுவே. மேலும், தாங்கும் வன்மை பெற்ற ஒரு கிருமி அவ்வன்மையை மற்றொரு கிருமிக்கும் தந்துவிடுகிறது. அக்கிருமிகள் ஒரே வீட்டில் இருப்போரிடையே எளிதிற் பரவுகின்றன. தகப்பனார் பல்வலிக்கு வீணாக விழுங்கிய மருந்து, பின்னொரு நாள் அவர் குழந்தைக்கு நிமோனியா வரும்போது பயன்படாமற் போகலாம்.

மருந்துகளைத் தாங்கும் கிருமிகளால் நேரடியாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர். நம் நாட்டிலும் இதைத் தடுக்கச் சட்டங்கள் உள்ளன. ஆன்டிபயாடிக் மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது. அவற்றுள் சிலவற்றுக்கு, 2014 மார்ச்சு முதல், வாங்கியவர் பெயரையும் சீட்டு எழுதியவர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்து என்பதை மக்களுக்கு உணர்த்த 2016-இல் மத்திய அரசு பிரசாரம் தொடங்கியது. அங்கத்தினர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாட்கள்?

பல் நோய்க்கு வைத்தியர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களுக்கே. மூன்றாம் நாள் வைத்தியரிடம் நிலைமையைத் தெரிவிப்பது நல்லது. இரண்டு வேளையில் வலி நின்றது என்று தாமாக நிறுத்துவதும் தவறு. நல்லதுதானே என்று பத்து நாட்களுக்கு நீட்டுவதும் தவறு. முன்னதாகவே முற்றும் குணமானால் எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். மீந்த மாத்திரையை அடுத்த வலிக்கென்று சேமித்து வைப்பதும், அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் கூடாது. சிக்கனம் நல்ல குணமே. ஆனால் இவ்விடத்தில் அது பொருந்தாது.

வைத்தியரைக் காணும்வரை வலியைத் தணிக்கப் பாரசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் அதனினும் நன்கு கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதை உட்கொள்ளலாகாது. வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் அடக்கிவைப்பதும், கேப்சூலைப் பிரித்துப் பொடியைச் சொத்தையில் அடைப்பதும் பயனற்றவை. ஆஸ்பிரின் ஈற்றைப் பொசுக்கிப் புண்ணாக்கும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இயங்குகிறது. அது எந்நாட்களில், எந்நேரத்தில் இயங்குகிறது என்பதைச் சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவொன்றும் இல்லை. மகாசபை கூடும் நாளில் பல் வைத்தியர் ஒருவரை அழைத்து அங்கத்தினர் குடும்பங்களின் பற்களைச் சோதிக்கச் செய்யலாம். கூட்டுறவு மருந்தகம் நடத்தும் சங்கங்கள் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதில்லை என்னும் விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து ஊருக்கு வழிகாட்ட வேண்டும். விற்பனை சிறிது குறையலாம். லாபத்துக்காக அங்கத்தினரின் நலனைக் கெடுப்பது கூட்டுறவு ஆகாது.

அங்கத்தினர்கள் நினைவில் கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்:

1. பல்வலிக்குச் சிகிச்சை பல்லுக்கே செய்யப்பட வேண்டும். மாத்திரை அதற்கு ஈடாகாது.
2. வைத்தியர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் வாங்கலாகாது. கடைக்காரர் தந்தாலும் வேண்டாமென்க.
3. காய்ச்சலோடு வீக்கம் பரவினால் அன்றே வைத்தியரிடம் செல்க. மூச்சோ விழுங்குதலோ தடைப்பட்டால் அக்கணமே பெரிய மருத்துவமனைக்குச் செல்க.
4. ஒவ்வாமை, கர்ப்பம், இதயநோய், நீரிழிவு, உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றை வைத்தியரிடம் மறைக்காதீர்.
5. இரவில் படுக்குமுன்னும் காலையிலும் ஃப்ளூரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குக. புகையிலையையும் அடிக்கடி இனிப்புத் தின்பதையும் விடுக.

சங்கத்தின் பொதுநிதியை ஒருவர் வீணாக எடுத்தால் அத்தனை அங்கத்தினர்க்கும் நட்டம். ஆன்டிபயாடிக் மருந்துகளின் ஆற்றலும் அத்தகைய பொதுநிதியே. அதை நம் மக்களுக்கும் எஞ்சும்படி கணக்குப் பார்த்துச் செலவிடுவது நம் எல்லோருடைய கடமையுமாகும். வாயில் சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு நாளைக் கடத்திவரும் அங்கத்தினர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த சந்தை நாளுக்குள் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.